கிணற்றுக்குள் ஆள் இறங்கும் முன் மேலே முக்காலி நிற்க வேண்டும்

பதிவு நீளம்தான். நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து என் இயற்பியல் வகுப்பைத் தாங்கியவர்கள் நீங்கள், இதையும் தாங்குவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தோட்டத்தில் கிணறு வைத்திருக்கும் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பாதியில் விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

சித்திரை பிறந்துவிட்டது. தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. இனி ஆடி மழை வரும் வரை நம் பக்கம் கிணற்று வேலைதான். தூர் வாருவது, ஆழப்படுத்துவது, மோட்டார் ஏற்றுவது, ஃபுட்வால்வு மாற்றுவது என்று எங்கு பார்த்தாலும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தச் செய்தியும் இந்த மாதங்களில்தான் செய்தித்தாளில் வரும். கிணற்றுக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தார், தூக்கிவிட இறங்கியவரும் மயங்கினார், அவர்களைத் தேடி இறங்கிய மூன்றாமவரும் மேலே வரவில்லை. ஊர்ப் பெயர் மட்டும் மாறும். இரண்டாவதாக இறங்குபவர் பெரும்பாலும் அண்ணன், தம்பி, மகன், இல்லாவிட்டால் கூட வேலை செய்பவர். மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க மனம் பொறுக்காமல் இறங்குகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் இறங்க வேண்டிய நிலையே வராமல் செய்ய வழி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே போட்டுவிடுகிறேன். கிணறு, தொட்டி, பள்ளம் எதுவானாலும், முதல் ஆள் காலை உள்ளே வைக்கும் முன்பே அதன் வாய்க்கு மேலே ஒரு சட்டம் நிற்க வேண்டும். அதிலிருந்து தொங்கும் கயிறு, இறங்குபவர் உடம்பில் வேலை முடியும்வரை மாட்டியே இருக்க வேண்டும். தனித்தனியாக எல்லோராலும் வாங்க முடியாது என்பதால் ஒன்றியத்துக்கு ஒன்றாவது பொதுவில் இருக்க வேண்டும். இதை விபத்துக்குப் பிறகு தீயணைப்பு வண்டியில் வரும் சாமான் என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளைக்கு ஆக்சிஜன் போகாவிட்டால் நாலைந்து நிமிடங்களில் சேதம் தொடங்கிவிடும். தாலுகா தலைநகரிலிருந்து எவ்வளவு வேகமாக வண்டி வந்தாலும் நம் தோட்டத்து மண் பாதையில் நாலு நிமிடத்தில் வந்து சேருமா, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்று நான் சொல்வது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மூன்று அலுமினியக் கால்கள், மேலே ஒரு தலை, தலையில் ஒரு கப்பி, ஒரு காலில் கைப்பிடி சுற்றும் வின்ச். மடக்கினால் ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகலாம். இதையே கொஞ்சம் பெரிதாக, மலைப்பாறை விளிம்பிலும் பாலத்தின் மேலும் நிறுத்தும்படி செய்கிறார்கள். அமெரிக்காவில் ராக் எக்ஸாடிகா என்ற நிறுவனத்தின் அரிசோனா வோர்டெக்ஸ் என்பது இந்த வகையில் பெயர் பெற்றது. அதையே மூன்று காலாகவும் நிறுத்தலாம், இரண்டு காலாகவும் நிறுத்தலாம், கைதேர்ந்தவர்கள் ஒற்றைக் காலாகவும் நிறுத்துவார்கள். விலை லட்சங்களில். நம் வீட்டுக் கிணற்றுக்கும் ஆள்துளைக்கும் அது தேவையில்லை. சாதாரண முக்காலி போதும். இருசக்கர வண்டி ஒன்று வாங்கும் பணத்துக்குள் வந்துவிடும்.

தீயணைப்பு மீட்புப் பணியில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போன மாதம் அவர்கள் பயிற்சியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். முதலில் சட்டம் இல்லாமல் செய்து காட்டினார்கள். எழுபது கிலோ மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார்கள். விடும்போது இரண்டு பேர் அலட்டிக்கொள்ளாமல் விட்டார்கள். இழுக்கச் சொன்னபோது நாலு பேருக்கு மூச்சு வாங்கியது. மூட்டை விளிம்புக்கு அருகில் வந்ததும் சிமென்டுத் திட்டில் சிக்கி நின்றது. ஒருவர் குப்புறப் படுத்துக் கையை விட்டு மூட்டையைப் புரட்ட வேண்டியிருந்தது. அவரை இன்னொருவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணல் மூட்டைக்கே இந்தப் பாடு.

இறக்கும்போது சுலபமாகவும் ஏற்றும்போது கஷ்டமாகவும் ஏன் இருக்கிறது? பதினொன்றாம் வகுப்பில் உராய்வு நடத்தினேனே, நினைவிருக்கிறதா? கயிறு விளிம்பில் தொண்ணூறு டிகிரி வளைகிறது. சொரசொரப்பான சிமென்டு, உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வளைவே இழுவிசையை ஏறக்குறைய 2.2 மடங்கு ஆக்கிவிடுகிறது. எழுபது கிலோ ஆளை ஏற்ற நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். இறக்கும்போது அதே உராய்வு நமக்கு வேலை செய்கிறது. முப்பத்திரண்டு கிலோ பிடித்தாலே போதும். அதனால்தான் ஆளை உள்ளே விடும்போது மேலே நிற்பவர்களுக்கு ஒரு பொய்யான தைரியம் வந்துவிடுகிறது. இத்தனை சுலபமாக விட்டோம், வேண்டுமானால் இழுத்துவிடலாம் என்று. இழுக்க வேண்டிய நேரம் வரும்போது கணக்கு ஐந்து மடங்கு மாறியிருக்கும். போதாததற்கு அந்த விளிம்பு கயிற்றையும் அரத்தைப் போல் அறுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து முக்காலியை நிறுத்தினார்கள். கயிறு விளிம்பைத் தொடவில்லை. கிணற்றின் நடுவில் நேராகத் தொங்கியது. ஒரே ஒரு பையன் வின்ச் சுற்ற, மூட்டை மேலே வந்து, திட்டுக்கு ஒரு முழம் உயரத்தில் ஆடாமல் நின்றது. கையால் பிடித்து ஓரமாக இழுத்து வைத்தார்கள். கிணற்று மீட்பில் ஐம்பது அடி ஆழம்கூடப் பெரிய பாடில்லை, கடைசி மூன்று அடிதான் உயிரை வாங்கும் என்று நம் மாணவர் சொன்னார். கண்ணால் பார்த்தபின் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் முக்காலியை வாங்கி நிறுத்திவிட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் நல்லது.

ஏழு அடி உயர முக்காலி. ஒவ்வொரு காலும் செங்குத்திலிருந்து 30 டிகிரி விரிந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பாதமும் நடுப்புள்ளியிலிருந்து நாலு அடி தள்ளி இருக்கும். நூறு கிலோ எடை தலையில் நேராகத் தொங்கினால் ஒவ்வொரு கால் வழியாகவும் 38 கிலோ இறங்கும். கூடவே ஒவ்வொரு பாதமும் 19 கிலோ விசையோடு வெளியே வழுக்கப் பார்க்கும். மூன்று பாதங்களையும் சுற்றி ஒரு சங்கிலியோ பட்டையோ கட்டியே ஆக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். வழவழத் தரையில் அந்தப் பட்டை இல்லாவிட்டால் ஒரு கால் வழுக்கும். ஒன்று வழுக்கினால் மூன்றும் போயிற்று. சேற்று நிலமாக இருந்தால் பாதத்துக்கு அடியில் பலகை போட வேண்டும்.

இதுவரை எல்லோருக்கும் புரியும். முக்காலிகள் கவிழ்வது வேறு காரணத்தால். கயிறு தலையில் உள்ள கப்பி வழியாக வெளியே வருகிறது, நாலு பேர் தள்ளி நின்று இழுக்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது தலையின் மேல் இரண்டு விசைகள். ஒன்று கீழே தொங்கும் ஆளின் எடை, நேர் கீழாக. மற்றொன்று இழுப்பவர்களின் விசை, அவர்கள் நிற்கும் திசையில் சாய்வாக. இரண்டும் சேர்ந்த தொகுபயன் விசை இரண்டுக்கும் நட்ட நடுவில் விழும். இணைகர விதி! இழுப்பவர்கள் கயிறு 45 டிகிரி சாய்ந்திருந்தால் தொகுபயன் 22.5 டிகிரி சாயும். இந்தக் கோடு மூன்று பாதங்களும் சேர்ந்து தரையில் போடும் முக்கோணத்துக்குள் விழுந்தால் முக்காலி நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும்.

முக்கோணத்தின் மூலை நடுவிலிருந்து நாலு அடி. ஆனால் அதன் பக்கம் நடுவிலிருந்து இரண்டே அடி. கோணமாகச் சொன்னால் மூலைப் பக்கம் 30 டிகிரி வரை தாங்கும், பக்கவாட்டில் 16 டிகிரிதான் தாங்கும். ஆக நமது 22.5 டிகிரி விசை ஒரு காலை நோக்கி விழுந்தால் முக்காலி நிற்கிறது. அதே நாலு பேர், அதே கயிறு, அதே எடை, இரண்டு கால்களுக்கு நடுவில் நின்று இழுத்தால் தலைகுப்புறக் கவிழ்கிறது. ஆள் அந்தரத்தில் தொங்கும்போது. அவசரத்தில் ஓடி வருபவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இடம் விசாலமாக இருக்கும் இடத்தில், அதாவது இரண்டு கால்களுக்கு நடுவில்தான்.

பயிற்சி என்பது இதற்குத்தான். விலை உயர்ந்த கருவியா மலிவான கருவியா என்பதெல்லாம் இதற்குப் பிறகு. காலில் பொருத்திய வின்ச் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனென்றால் கயிறு காலோடு ஒட்டியே இறங்குகிறது, இழுவிசை சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆட்கள்தான் இழுக்க வேண்டுமென்றால், ஒரு காலின் அடியில் இன்னொரு கப்பியைத் தனி முளை அடித்துக் கட்டி, கயிற்றை அதன் வழியாகத் திருப்பித் தரையோடு தரையாக இழுக்க வேண்டும். அப்படியும் தலையின் மேல் விழும் சுமை தொங்கும் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது. நூறு கிலோ ஆள் என்றால் சட்டம் சுமப்பது இருநூறு.

இதை எல்லாம் படித்துவிட்டு, இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐம்பதைக் கடந்தவர்கள் கண்ணை மூடி யோசியுங்கள். நம் பக்கம் கவலை என்போம், தெற்கே கமலை என்பார்கள். கிணற்று விளிம்பைத் தாண்டி நிற்கும் சகடை, அதைத் தாங்கும் கால்கள், வடக்கயிற்றில் தொங்கும் சால், மறுபுறம் சரிவில் இறங்கும் மாடு, கயிற்றின் மேலேயே உட்கார்ந்து பாரம் கொடுக்கும் ஓட்டுபவர். சால் விளிம்பில் இடிக்காமல் மேலே வர வேண்டும் என்பதற்காகத்தான் சகடை உயரத்திலும் உள்பக்கம் தள்ளியும் இருந்தது. என் அப்பாரு இயற்பியல் படித்தவர் அல்ல. ஆனால் கவலைக்கால் ஆடினால் மாட்டை நிறுத்திவிட்டு ஆப்பு அடித்துவிட்டுத்தான் அடுத்த சால் இறைப்பார். தண்ணீருக்குச் செய்ததை ஆளுக்குச் செய்ய நமக்கு என்ன தடை? மின்மோட்டார் வந்ததும் கவலையைப் பிடுங்கிப் போட்டோம், சரி. அதோடு விளிம்புக்கு மேலே ஒரு உயரமான பிடி வேண்டும் என்ற அறிவையும் பிடுங்கிப் போட்டுவிட்டோம்.

கவலையைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தோட்டத்துக் கிணறுகள் முப்பது அடி, நாற்பது அடி அகலம். ஏழு அடி முக்காலி அதன் மேல் எப்படி நிற்கும்? மூன்று அடி கைப்பிடிச் சுவர் உள்ள வீட்டுக் கிணறு, வெளி விட்டம் நாலரை அடிக்குள் இருந்தால்தான் கால்கள் சுவரில் இடிக்காமல் நிற்கும். அகலக் கிணறுகளுக்கு இருகால் சட்டம்தான் வழி. ஆங்கில ஏ எழுத்தைப் போல் இரண்டு கால்கள் விளிம்பில் ஊன்றி, தலை மட்டும் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கும். பக்கவாட்டில் அது விழாது. முன்னும் பின்னும் விழும். அதனால் மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவது போல் பின்னால் இரண்டு கயிறு, முன்பக்கம் ஒன்றாவது இழுத்துக் கட்ட வேண்டும். முன்பக்கக் கயிறு எதற்கு, சட்டம் கிணற்றுப் பக்கம்தானே சாய்ந்திருக்கிறது என்று கேட்பீர்கள். ஆளை மேலே கொண்டுவந்து சுமை இறங்கியவுடன் பின்கயிறுகளின் இறுக்கம் சட்டத்தைப் பின்னால் சாய்த்துவிடும். அங்கே நின்று கைதட்டிக்கொண்டிருப்பவர்கள் தலையில் விழும்.

அந்தக் கயிறுகளை எதில் கட்டுவது? வேப்பமரம், புளியமரம் இருந்தால் நல்லது, அடிமரத்தில் தாழ்வாகக் கட்டுங்கள். முருங்கை வேதாளத்தை மட்டும்தான் தாங்கும். மரம் இல்லையென்றால் நாலு அடி இரும்பு முளைகளை, சுமைக்கு எதிர்ப்புறம் சாய்த்து, முக்கால்வாசி மண்ணுக்குள் போகும்படி அடித்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். டிராக்டரிலும் கட்டலாம். அப்போது எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சாவியைப் பொறுப்பான ஒருவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். எவனாவது அவசரமாக வண்டியை எடுக்க வந்தால் சாவி கிடைக்கக் கூடாது.

டிராக்டரில் கட்டலாம் என்றேன். டிராக்டரால் இழுக்கலாம் என்று சொல்லவில்லை. ஜேசிபியாலும் கூடாது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஜேசிபியைக் கூப்பிடும் பழக்கம் வந்துவிட்டது. மேலே வரும் ஆளின் கை ஒரு கல் இடுக்கில் மாட்டினால், இழுக்கும் மனிதருக்குக் கயிற்றில் அது தெரியும், நிறுத்துவார். இயந்திரத்துக்குத் தெரியாது. தவிர அத்தனை டன் எடையை இடிந்த கிணற்றின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது போன்ற அறியாமை வேறில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் அப்படித்தான். விளிம்பிலிருந்து பத்தடிக்கு ஒரு கயிறு கட்டி, அதற்குள் வேலை செய்பவர் தவிர யாரும் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஊரில் குரல் கனத்த பெரியவர் ஒருவரை இதற்குப் போடலாம்.

இறங்குபவர் உடம்பில் எதை மாட்டுவது? இடுப்பில் சுற்றிய கயிறு வேண்டவே வேண்டாம். மயங்கிய உடம்பு துணி மாதிரி துவண்டுவிடும். இடுப்புக் கயிற்றில் தூக்கினால் இரண்டாக மடியும், அக்குளில் கட்டியிருந்தால் கை மேலே போய் நழுவி விழும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழுஉடல் ஹார்னஸ் வேண்டும். கயிறு மார்பிலோ முதுகின் மேல்பகுதியிலோ உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும், அப்போதுதான் ஆள் நிமிர்ந்தபடி மேலே வருவார், குறுகிய வாயிலும் நுழைந்து வருவார். இழுக்கும் கயிறு ஒன்று, அது அறுந்தால் பிடிக்க இன்னொன்று.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் அது பாதிப் பாடம். பழைய கிணற்றில் கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கும், காற்றைவிடக் கனமானது. தண்ணீர் இறைக்க டீசல் எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். சாக்கடையும் அழுகலும் உள்ள இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று பாடத்தில் படித்தீர்கள். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போக வைத்துவிடும் என்பதையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேதான் விழுகிறார். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் மிகக் குறைந்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்குள் விளக்கு நன்றாகவே எரியும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். கையடக்க வாயு அளவிக் கருவி இருக்கிறது, கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கலாம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. முக்காலி வாங்கும்போது இதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் கிணற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்க இந்த முக்காலி ஒரு அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பில்லாமல் அங்கே மனிதரை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்த வேலைக்கு உறிஞ்சும் வண்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது. ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க ஒருவரை உள்ளே இறக்கும் வீட்டுக்காரர் என் மாணவராக இருந்தால் எனக்கு வெட்கம். முக்காலி அங்கே தேவைப்படுவது மீட்புக்கு மட்டும்.

சரி, செலவு. தாய்மாமன் மகன் ஒருவர் இதைப் பற்றிப் பேசும்போதே, "அரசாங்கம் வாங்கிக் கொடுத்தாலும் எங்கோ துருப்பிடித்துக் கிடக்கும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓர் அலுவலகத்தின் பண்டக அறையில், எது என்று சொல்லப் போவதில்லை, பளபளவென்று ஒரு முக்காலியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. பாதங்களைக் கட்டும் சங்கிலி வேறு ஏதோ வேலைக்குக் கழற்றப்பட்டிருந்தது. சாவி விடுப்பில் போனவரிடம் இருந்தது. இப்படி வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம் என்று அவர் சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாங்குவதோடு பயிற்சியையும் தீர்மானத்தில் எழுத வேண்டும் என்பேன். கிணறு வெட்டும் குழுவினர், மோட்டார் மெக்கானிக்குகள், நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளர்கள், இளைஞர் மன்றத்தார் என்று ஊருக்கு ஆறு பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீயணைப்பு நிலையத்தாரைக் கூப்பிட்டு, மணல் மூட்டையை வைத்து, ஊர்க் கிணற்றில் அரை நாள். வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து, அதே நோட்டில் திருப்பித் தர வேண்டும். பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவர்கள் ஒரு நாற்காலிகூடத் தொலையாமல் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றியத்தால் ஒரு முக்காலிக்குக் கணக்கு வைக்க முடியாதா?

எடுத்துப் போய்ப் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அது துருப்பிடிக்காமல் இருக்கும். மோட்டார் மெக்கானிக் வாரத்துக்கு இரண்டு முறை அதை நிறுத்திக் கழற்றினால், ஆபத்து வரும் அன்று எந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும் என்று அவர் கை யோசிக்காமல் சொல்லும். மீட்புக்கு மட்டும் என்று பூட்டி வைத்தால், ஆபத்தன்றுதான் முதல் முறையாகப் பையைப் பிரிப்பார்கள். ஆகவே இது வேலைக் கருவியாக ஊரில் புழங்க வேண்டும் என்பது என் முடிவான எண்ணம்.

மே 1ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊராட்சிக்கு ஒரு பக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு முக்காலி, ஒரு இருகால் சட்டம், இரண்டு ஹார்னஸ், இரண்டு நூறு மீட்டர் கயிறு, ஒரு வாயு அளவி, ஆண்டுக்கு நாலு பயிற்சி. உங்கள் ஊருக்கு வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். மே மாதம் தவறினால் ஆகஸ்ட் 15 இருக்கிறது, ஆனால் அதற்குள் கிணற்று வேலைக் காலம் முடிந்திருக்கும். அதுவரை யாருக்காவது அவசரம் என்றால் 101 அல்லது 112. அழைத்தவுடன் "கிணறு, ஆள் உள்ளே, மயக்கம், ஆழம் இவ்வளவு, அகலம் இவ்வளவு" என்று சொல்லுங்கள். அகலத்தைச் சொன்னால் எந்தச் சட்டத்தை வண்டியில் ஏற்றுவது என்று அவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் காற்று ஊதும் குழாயோ மின்விசிறியோ கிடைத்தால் மேலிருந்து காற்றை உள்ளே செலுத்துங்கள். யாரையும் இறங்க விடாதீர்கள்.

பட்டறை வைத்திருக்கும் நம் பையன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்: "ஐயா, இரும்புக் குழாயில் நாமே வெல்டிங் அடித்துவிடலாமே, பாதி விலைதானே ஆகும்?" மோட்டார் ஏற்ற அடியுங்கள், தாராளமாக. கப்பி மாட்டும் வளையத்தை மட்டும் மெல்லிய கம்பியில் போடாதீர்கள். ஆள் தொங்கும் சட்டம் என்றால், தரச்சான்று பெற்றதைத்தான் வாங்க வேண்டும். எடுத்துச் செல்லும் சட்டங்களுக்கு இஎன் 795 என்ற ஐரோப்பியத் தரத்தில் பி வகை என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. வாங்கும்போது அந்த எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் அடித்த சட்டத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி, "ஆள் ஏற்றக் கூடாது" என்று பெரிதாக எழுதி வையுங்கள். எழுத்தில் பிழை இல்லாமல் எழுத வேண்டும், நான் வந்து பார்ப்பேன்.